கை காட்டினா நிக்கும்

அந்த ஆணி டப்பாவத் தொடாத, அது அங்கயே இருக்கட்டும். நீ இப்படி வந்து உக்காரு ரேவதி. ஸ்டூலு ஆடும், ஆனா சாயாது. மனுவ மடியில வச்சிக்க, கீழ வச்சா மரத்தூள் ஒட்டிக்கும். படிச்சிட்டேம்மா. ரெண்டு வாட்டி படிச்சிட்டேன். எழுத்து முத்து முத்தா இருக்குது. கரண்டு கேட்டுல பழுதுன்னு மெக்கானிக் இருசப்பன் பல தடவ எடுத்துச் சொல்லியும் முதலாளி கோதண்டராமன் கவனிக்காம வுட்டதால எங்கப்பா மண்ணாங்கட்டிக்கு வலது கை போச்சுன்னு எழுதியிருக்க. கீழ சாட்சின்னு போட்டு எனக்கு எடம் வுட்டிருக்க. தெரியுது. இரு, கையெழுத்து எங்கயும் ஓடிடாது. இன்னிக்கு மனு நாளு, வரிசை பெருசாத்தான் இருக்கும், தெரியும். கலெக்டர் ஆபீசு இங்கேருந்து கூப்பிடு தூரம்தானே. இந்த ஒரு பலகைய கழட்டிட்டு வந்துடறேன்.

மூக்க மூடிக்கறியா? மூடிக்க. எனக்கே கொமட்டுது. இது ஒரு வாத்தியாரு வூட்டு கேட்டு, ரிட்டயர்டு ஹெட்மாஸ்டரு. தேக்குன்னு சொல்லிக் குடுத்தாரு. தேக்கா இது? பாரு, உளியே வேணாம், வெரலாலயே நோண்டலாம். மேல நாலு கோட்டு பெயிண்டு. பச்ச, அதுக்கு மேல ஊதா, அதுக்கு மேல காபி கலரு, அதுக்கு மேல திரும்பியும் பச்ச. பொங்கலுக்கு ஒரு கோட்டு. உள்ள மரம் இருக்குதா இல்லியான்னு ஒரு நாளு பாக்கல. கரையான் தின்னு, மழத்தண்ணி எறங்கி, ஊறிப்போயி புளிச்ச மாவாட்டம் வருது. பெயிண்டுதாம்மா இத்தினி நாளா கேட்டு மாதிரி நின்னுக்கினு இருந்துச்சு. முழுசா மாத்தணும் சார்னேன். அதெல்லாம் வேணாம் இருசப்பா, மேலாக்க பட்டி பாத்து ஒரு கோட்டு அடிச்சிக் குடு, பையனுக்குப் பொண்ணு வூட்டுக்காரங்க வராங்கங்கறாரு. நாப்பது வருஷம் புள்ளைங்களுக்குப் பாடம் சொல்லிக் குடுத்த மனுஷன்.

பதினஞ்சு பதினாறு வருஷமா இதே பொழப்பு. எம்பத்தொம்போதுல ஜில்லா பிரிச்சாங்க பாரு, அப்ப வந்தேன் இந்த வேங்கிக்காலுக்கு. அப்ப இங்க முள்ளுக்காடு. ஆபீசருங்க ஒவ்வொருத்தரா வூடு கட்ட ஆரம்பிச்சாங்க, எல்லாம் மர கேட்டு. கீலு மாத்தறது, தொங்கிப் போனத தூக்கி நிறுத்தறது, அதான் வேல. அப்பறம் இரும்பு வந்துச்சு, வெல்டிங் கத்துக்கினேன். அப்பறம் காரு நிறுத்தற எடத்துக்கு ஷட்டரு. இப்ப கரண்டு கேட்டு. எது வந்தாலும் எனக்குக் கெடைக்கறது அடிப்பக்கம்தான். வூட்டுக்குள்ள போயி பாரு, கழுவித் தொடச்சி முகம் பாக்கலாம் போல வச்சிருப்பான். கேட்டாண்ட வந்து குனிஞ்சு பாரு. வெத்தல எச்சி, நாயி பேண்டது, தலமுடி, கட்டுப் போட்டு அவுத்த துணி. எல்லாத்தயும் கூட்டி கேட்டு சந்துல தள்ளிட்டு, சக்கரம் உருள மாட்டேங்குதுப்பான்னு என்னக் கூப்புடுவான்.

ஒரு டாக்டரு. பேரு வேணாம். ஷட்டரு எறங்கலன்னு ஆளு வுட்டாரு. மேல ஏறி அந்த உருளப் பொட்டியக் கழட்டறேன், உள்ள செத்த பெருச்சாளி. பத்து நாளு ஆயிருக்கும். ஏறி எறங்கி, ஏறி எறங்கி, ஷட்டரு அத நல்லா அரச்சி வச்சிருக்குது. அத்தினியும் என் தல மேல, சட்டைக்குள்ள. அவரு கீழ கர்ச்சீப்ப மூக்குல வச்சிக்கினு, காரு மேல படாம பாத்துக்க இருசப்பாங்கறாரு. கை கழுவத் தண்ணி கேட்டா தெருக்கொழாயக் காட்டறாரு. டாக்டரு!

சிரிக்கிற. சிரி, சிரி. வந்ததுலேருந்து மூஞ்ச அப்படி வச்சிக்கினு இருந்த.

சொல்றேன், கோதண்டராமன் விஷயத்துக்குத்தான் வரேன். உனக்குத் தெரிஞ்சதுதான், ஆனா மொதல்லேருந்து சொன்னாத்தான் எனக்கு வரும். மெட்ராஸ்காரரு. லாரி வச்சிருக்காரு, எத்தினின்னு அவருக்கே தெரியாது. மலைய சுத்தறவங்க கால் தூசி என் வாசல்ல படணும், அந்தப் புண்ணியம் வேணும்னு சொல்லி அடி அண்ணாமலையில, சரியா கிரிவலப் பாதை மேல எடம் வாங்கி வூடு கட்டினாரு. கட்டி முடிச்ச ஒடனே மொத வேல இன்னா தெரியுமா? அந்தக் கால் தூசி உள்ள வராம இருக்கறதுக்கு கரண்டு கேட்டு. பன்னண்டு அடி, முழு இரும்புத் தகடு, எட்டிப் பாக்க ஒரு ஓட்ட கெடையாது. மோட்டாரு வெளிநாட்டுது. மெட்ராஸ்லேருந்து ரெண்டு பேரு வந்து மாட்டிட்டு, பராமரிப்புக்கு என்னக் காட்டிட்டுப் போயிட்டானுங்க. மாசம் பொறந்தா பௌர்ணமிக்கு மட்டும் காருல வருவாரு. மத்த நாளு பூட்டிக் கெடக்கும்.

வாட்ச்மேன் வேணும், நம்பிக்கையான ஆளா, அந்த ஊருக்காரனா இருக்கணும்னு என்னத்தான் கேட்டாரு. நான்தான் உங்கப்பாரச் சொன்னேன். மண்ணாங்கட்டிண்ணன் பயிர வித்துட்டு சும்மா ஒக்காந்துக்கினு இருந்தாரு. இல்ல, நெலத்த வித்துட்டு. நான் கூட்டிம்போயி நிறுத்துறேன், பேரு இன்னான்னாரு. சொன்னதும் சிரிக்கறாரு. இதெல்லாம் ஒரு பேராய்யா, வாட்ச்மேன்னு கூப்புட்டுக்கறேன்னாரு. மூணு புள்ளைங்க பொறந்து பொறந்து செத்துப்போயி, நாலாவதாவது நிக்கட்டும்னு பெத்தவங்க வச்ச பேருய்யா அதுன்னு சொல்லலாம்னு பாத்தேன். சொல்லல. உங்கப்பாரு கூட சேந்து சிரிச்சாரு. அவருக்கு எது சொன்னாலும் சிரிப்புதான்.

பௌர்ணமி அன்னிக்கு அந்த வாசல நீ பாத்திருக்கியா? காலையில வந்து பாக்கணும். சாமி கும்புட வந்தவங்கதான் எல்லாரும், நான் கொற சொல்லல. ஆனா இன்னா கும்புடுறாங்க? தின்ன எலய அந்த எடத்துலயே போடறது, தண்ணி பாக்கெட்ட பல்லுல கடிச்சித் துப்பறது, மதிலப் பாத்தா ஒண்ணுக்குப் போறது. கேட்டு ஓடற தண்டவாளம் இருக்குதே, அதுக்குள்ள சாம்பாரு சோறு, கற்பூரம், வாழப்பழத் தோலு. வெயில் ஏறினா எறும்பும் ஈயும் மொய்க்கும். இவரு வேற புண்ணியத்துக்கு அன்னதானம் போடறாரு. எப்படிப் போடறாரு? கேட்டுக்கு வெளிய டேபிள் போட்டு. ஒரு கெழவி உள்ள கொழாயில கால் கழுவிக்கட்டுமான்னு கேட்டுச்சு, நாங்க அதுக்கெல்லாம் ஏற்பாடு பண்ணலம்மான்னுட்டாரு. நானே காதால கேட்டேன். அந்தாளு கேட்டு, அந்தாளு கொழாயி. சரி. சோத்த மட்டும் எதுக்குடா போடற?

கண்ணு, ஆமா, கண்ணப் பத்தித்தான் கேக்கற. கேட்டு மூடற எடத்துல ரெண்டு பக்கத் தூணுலயும் தீப்பெட்டி அளவுக்கு ஒண்ணு ஒண்ணு எதிரும் புதிருமா வச்சிருக்கும். இதுலேருந்து அதுக்கு ஒரு வெளிச்சம் போவும், நமக்குத் தெரியாது. நடுவுல ஆளோ ஆடோ வந்துச்சுன்னா அந்த வெளிச்சம் அறுந்துடும். கேட்டு நின்னு பின்னால போயிடும். நாங்க கண்ணுன்னு சொல்லுவோம். கம்பெனியில வேற பேரு.

உங்கப்பாருக்கு அத நான்தான் சொல்லிக் குடுத்தேன். வேலைக்கு சேந்த மொத நாளு. கேட்டு மூடிக்கினு வருது, அண்ணே, பயப்படாத, கைய இப்படி நீட்டுன்னேன். மனுஷன் கண்ண மூடிக்கினு நீட்டறாரு. கேட்டு டக்குன்னு நின்னு, ரிவர்சு போச்சு பாரு, சின்னப் புள்ளையாட்டம் குதிச்சாரு. அன்னிக்கு மட்டும் பத்து வாட்டி. அப்பறம் அதே வெளையாட்டாப் போச்சு. மல சுத்த வர்ற புள்ளைங்கள நிறுத்தி வச்சி, பாத்துக்கங்கடா, மந்திரம் போடறேன்னு சாமி மாதிரி உள்ளங்கையக் காட்டுவாரு. அவ்ளோ பெரிய இரும்பு, அப்படியே நின்னுடும். புள்ளைங்க கை தட்டும். அடுத்த மாசம் அதே புள்ளைங்க வந்து, தாத்தா, கேட்ட நிறுத்துன்னு கேக்கும். உனக்கும் செஞ்சி காட்டியிருக்காரா? வூட்ல வந்து சொல்லுவாரா? இன்னான்னு சொல்லுவாரு? ம். எங்கிட்ட கேட்டே பேசும்னு சொல்லுவாராம்.

வேற உளி எடுக்கணும். இல்ல, நீ எழுந்துக்காத, நான் எடுத்துக்கறேன். டப்பாகிட்ட போவாதன்னேன் இல்ல?

உங்கப்பாரு குடிச்சிருந்தாருன்னு அந்தாளு போலீசுல சொன்னாரு பாரு, அது பச்சப் பொய்யி. அத நான் எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன். அந்த மனுஷன் டீயில கூட சக்கர ஜாஸ்தின்னா முழிப்பாரு. ஆஸ்பத்திரிக்கு ஒரு நாளு வந்து எட்டிப் பாத்தாரா அந்தக் கோதண்டராமன்? ஆளு கிட்ட ஒரு டஜன் ஆரஞ்சு குடுத்து அனுப்பினாரு. கை இல்லாதவன் எப்படி உரிச்சித் தின்னுவான்? வெக்கங்கெட்ட ஜென்மம். அவரப் பத்தி நீ இன்னும் நாலு பக்கம் எழுது, எல்லாத்துக்கும் நான் கையெழுத்து போடறேன்.

இதுக்கு ஏன் போட மாட்டேங்கறேன்னு கேக்கற. போட மாட்டேன்னு சொன்னேனா?

கேளு. அந்தக் கண்ணால நான் பட்ட பேஜாரு கொஞ்சநஞ்சம் இல்ல. சாதா நாள்ல ஒழுங்காத்தான் இருக்கும். பௌர்ணமி வந்தா ஆளுங்க வாசல வுட்டு நவுர மாட்டாங்க. குறுக்க ஒருத்தன் நடந்துக்கினே இருப்பான், கேட்டு பாதி வரும், நிக்கும், பின்னால போவும். திரும்ப வரும், நிக்கும், போவும். இவரு மாடியில ரிமோட்ட வச்சிக்கினு கத்துவாரு. எவனாவது அந்தக் கண்ணு மேல இருக்கற கண்ணாடியில எச்சி துப்பி வச்சிருப்பான். விபூதிய தடவி வச்சிருப்பான், சாமின்னு நெனச்சி. சிரிக்காத, நெசமாத்தான், ஒரு மாசம் குங்குமமும் வச்சி பூ சொருகியிருந்துச்சு. ஒடனே எனக்கு போனு. இருசப்பா, கேட்டு மூட மாட்டேங்குது. வண்டி வுட மாட்டான் போலீசு, பாதை முழுக்க ஜனம். இங்கேருந்து நடக்கணும். கோயிலு, செங்கம் ரோடு, எல்லாம் தாண்டி, அத்தினி கூட்டத்துல இடிபட்டு. செருப்போட போனா, கிரிவலத்துல செருப்பாயான்னு சண்டைக்கு வரான். வெறுங்கால்ல அந்த அசிங்கத்துல மிதிச்சிக்கினு, பைய தூக்கிக்கினு போயி, ஒரு ஈரத்துணியால அந்தக் கண்ணாடிய ஒரு தொட தொடச்சா முடிஞ்சிது வேல. அவ்ளோதான் வேல! அதுக்கு போவ வர மூணு மணி நேரம் நடை. பதிமூணு பௌர்ணமி போயிருக்கேன். பங்குனியில கால எதுல வச்சேன்னு உங்கிட்ட சொல்ல மாட்டேன், நீ பொம்பளப் புள்ள. வூட்டுக்கு வந்து சீயக்கா போட்டுத் தேச்சேன், மூணு நாளு சோறு எறங்கல.

ஆமா, கோதண்டராமன் சொன்னாரு. அது உண்மதான். உங்கப்பாரு சொன்னது சரிதான். கார்த்திகைக்கு, அந்தக் கண்ணப் புடுங்கி எறிடா, எனக்குத் தேவையில்லன்னு எல்லாரும் கேக்கக் கத்தினாரு. ஆனா அது கோவத்துல சொன்னது. மறுநாளே, இல்லப்பா, இருக்கட்டும், கொழந்தைங்க வர்ற எடம்னுட்டாரு. அத உங்கப்பாரு கேக்கல. என்னத் தனியாக் கூப்புட்டு சொன்னாரு.

அவருக்குப் பரிஞ்சி பேசறேன்னு நெனக்கறியா? த்தூ. அந்தாளுக்கா?

அந்த சாயந்தரம் உனக்கு யாரு சொன்னது? நேரா பாத்தவங்களா? எனக்கு பூக்கடை பாஞ்சாலை சொன்னா. அந்த வாசலுக்கு எதிர்லயே கூடை போட்டு பூ விக்கறவ, முழுசாப் பாத்திருக்கா. ஆறு மணி இருக்கும், வெளிச்சம் போவல. சித்திர பௌர்ணமி, எள்ளு போட்டா கீழ வுழாத கூட்டம். வெளியூருக் கெழவி ஒண்ணு கால் வெடிச்சி ரத்தமா, நடக்க முடியாம தூணு மேல சாஞ்சி ஒக்காந்துடுச்சு, சரியா கேட்டு வந்து முட்டற எடத்துல. போலீசு பர்மிஷனோட அன்னதானத்துக்கு அரிசி மூட்ட ஏத்திக்கினு வந்த வண்டி அப்பதான் உள்ள போயிருக்குது. மாடியிலேருந்து இவரு ரிமோட்ட அழுத்திட்டாரு. அவருக்குக் கெழவி தெரியல, தகடு மறைக்குது. உங்கப்பாரு ஓடி வந்து, ஆயா எழுந்திரு எழுந்திருன்னு எடது கையால கெழவியத் தூக்கறாரு. வலது கைய பின்னால நீட்டி, உள்ளங்கையக் காட்டிட்டாரு. திரும்பிக் கூடப் பாக்கலியாம். கேட்டு வர்ற பக்கமே பாக்கல. அது நின்னுடும்னுதான் அவருக்குத் தெரியுமே. மூஞ்சி கெழவி பக்கம்.

கெழவிக்கு ஒண்ணும் ஆவல. தள்ளி வுட்டுட்டாரு.

அழுவாத. எனக்குக் கை ஓட மாட்டேங்குது நீ அழுதா. இந்தா, துணி சுத்தமாத்தான் இருக்குது.

எனக்கு போனு வந்து, நான் நடந்து போயி சேரும்போது ஏழரை ஆயிடுச்சு. உங்கப்பார ஆட்டோல தூக்கிம்போயிட்டாங்க. அந்தாளு மறுபடி அழுத்தினதும் கேட்டு தொறந்துடுச்சாம். நான் போறேன், வாசல்ல ஒரு ஆளு ஓசு பைப்ப வச்சி தண்டவாளத்தக் கழுவிக்கினு இருக்கான். செவப்பா தண்ணி ரோட்டுக்கு ஓடுது, ஜனம் அது மேலயே அரோகரா போட்டுக்கினு நடக்குது. எவனுக்குத் தெரியும் அது இன்னா தண்ணின்னு? பக்கத்துல டேபிள்ல அன்னதானம் நடக்குது. நிறுத்தல. நிறுத்தினா தோஷமாம். ஒருத்தன் எங்கையிலயும் ஒரு தொன்னை பொங்கலக் குடுத்தான்.

தின்னேன். இன்னா பண்றதுன்னு தெரியல, தின்னேன். நெய்யி ஜாஸ்தி போட்டிருந்தான். அந்த வாசன இன்னும் தொண்டையில நிக்குது.

மறுநாளு போலீசு வந்துச்சு. ஏட்டு ஒருத்தரு, நல்ல மனுஷன்தான், வேல செய்யுதா கேட்டு, காட்டுய்யான்னாரு. ரிமோட்ட அழுத்தினாங்க. கேட்டு மூடிக்கினு வருது. நான் போயி உங்கப்பாரு நின்ன அதே எடத்துல நின்னு கைய நீட்டினேன். நின்னுச்சு. பின்னால போச்சு. திரும்பியும் காட்டுன்னாரு. திரும்பியும் நின்னுச்சு. ஏட்டு எழுதிக்கினாரு, கேட்டுல பழுது இல்லன்னு. அப்பதான் அந்தாளு சொல்றாரு, வாட்ச்மேன் தண்ணி போட்டிருந்திருப்பான் சார், லேட்டா கைய வச்சிருப்பான்னு. நான் பக்கத்துல நின்னுக்கினு இருக்கேன். வாயத் தொறக்கல.

அப்ப அன்னிக்கு மட்டும் ஏன் நிக்கலன்னு கேக்கற. கேளு. ஒரு மாசமா யாராவது கேப்பாங்கன்னுதான் பாக்கறேன். ஏட்டு கேக்கல. உங்கப்பாரு ஆஸ்பத்திரியில என்னப் பாத்து, இருசப்பா, நான் கைய சரியா காட்டலியா, எங்கியாவது தப்பா நீட்டிட்டேனான்னு கேக்கறாரு. எங்கிட்ட! மணிக்கட்டுக்கு மேல எடுத்துட்டாங்க, கட்டு போட்டுப் படுத்துக்கினு, தப்பு தன் மேலன்னு கேக்கறாரு. உங்கம்மா, உண்ணாமலை அண்ணி, எனக்கு காபி வாங்கியாந்து குடுக்குது. நீ சித்தப்பான்னு கூப்புட்டு நாற்காலி போடற.

சித்தப்பான்னு கூப்புடாத ரேவதி.

பௌர்ணமிக்கு மூணு நாளு முன்னால வழக்கம் போல சர்வீசுக்குப் போனேன். உங்கப்பாரு ஏரிக்கு குளிக்கப் போயிருந்தாரு. கண்ணாடிய தொடச்சேன், சக்கரத்துக்கு கிரீசு வச்சேன், எல்லாம் ஒழுங்கா ஓடுது. மோட்டாரு பொட்டிய மூடப் போறேன். திடீர்னு அந்தப் பங்குனி நாத்தம் மூக்குல வந்துச்சு. இன்னும் மூணு நாள்ல திரும்பியும் அதே கூட்டத்துல, அதே அசிங்கத்துல நடந்து வரணும், எச்சியத் தொடைக்கறதுக்குன்னு நெனச்சதும் ஒடம்பெல்லாம் ஒரு வெறுப்பு. பையில ஒரு சாண் ஒயரு இருந்துச்சு. கண்ணுலேருந்து வர்ற ரெண்டு முனைக்கும் நடுவுல அதப் போட்டு முறுக்கி, செவப்பு டேப்பு சுத்திட்டேன். அவ்ளோதான். அப்பறம் குறுக்க யாரு வந்தாலும் மெஷினுக்கு வாசல் காலியா இருக்கற மாதிரிதான் தெரியும். தண்டவாளத்துல சோறு மாட்டி நின்னுடக் கூடாதுன்னு மோட்டாரோட இழுவையயும் கொஞ்சம் ஏத்தி வுட்டேன். பௌர்ணமி முடிஞ்ச மறுநாளு வந்து எடுத்துடலாம், யாருக்குத் தெரியப் போவுதுன்னு. உங்கப்பாரு வந்ததும் சொல்லிட்டுப் போலாம்னு நின்னேன். கொஞ்ச நேரம்தான் நின்னேன். பஸ்சு வந்துடுச்சு.

அன்னிக்கு ராத்திரி பொங்கலத் தின்னுட்டு, கைய தொடச்சிட்டு, பொட்டியத் தொறந்து அத எடுத்துட்டேன். யாரும் பாக்கல. அதான் மறுநாளு கேட்டு ஒழுங்கா நின்னுச்சு.

திட்டு. மனுவக் கசக்காத.

யோசன பண்ணு. நீ இப்ப வச்சிருக்கற மனுவோட போனா அந்தாளு பதில் சொல்லணும், ஆஸ்பத்திரிக்கு, உங்கப்பாரு மிச்ச வயசுக்கு ஏதாவது செய்ய வேண்டி வரும். உண்மைய எழுதினா அவரு வக்கீலு சிரிச்சிக்கினு போயிடுவான். எங்கிட்ட இன்னா இருக்குது? இந்தக் கொட்டாயி, ஒரு வெல்டிங் செட்டு, வாத்தியாரு வூட்டு கரையான். இது நேத்து வரைக்கும் நான் எனக்கே சொல்லிக்கினு இருந்தது. ரேவதி வந்தா பேசாம கையெழுத்து போட்டுக் குடுத்துடு, அவளுக்கும் நல்லது, உனக்கும் நல்லதுன்னு. அந்தாளு மேல எனக்கு இருக்கற வெறுப்புக்கு ரெண்டு கையாலயும் போடலாம். பேனா வரைக்கும் எடுத்து வச்சிருந்தேன், தோ பாரு, சட்டப் பையில.

போட முடியல. ஏன்னா ஒண்ணு இருக்குது. அவரு பௌர்ணமிக்கு மொத நாளு மெட்ராஸ்லேருந்து போனு பண்ணாரு. ரெண்டு வருஷத்துல அந்த வாயிலேருந்து வந்த ஒரே நல்ல வார்த்த. சித்திர பௌர்ணமிப்பா, புள்ளகுட்டியோட ஜனம் ஜாஸ்தி வரும், கண்ணு ஒழுங்கா வேல செய்யுதான்னு கேட்டாரு.

செய்யுது சார்னேன்.

இப்பதான் அந்த டப்பாவத் தொற. ஆணிக்கு அடியில இருக்குது, செவப்பு டேப்பு சுத்துனது. ஆமா, அதான். எடுத்துக்க. கலெக்டர் ஆபீசு மரத்தடியில மனு எழுதறவரு இருப்பாரு, வேற பேப்பருல எழுதச் சொல்லு. கை கழுவிட்டு நானும் பின்னாலயே வரேன், வரிசையில நில்லு. டேப்ப மட்டும் பிரிச்சிடாதம்மா, நான் முறுக்கின மாதிரியே இருக்கட்டும்.